வெளியூர் போயிருக்கிறாள்

"சார், அம்மா அனுப்பின தீவுக் கட்டுரை கெடைச்சுது. அதுல ஒரு சின்ன சந்தேகம்."

பேசியது பத்திரிகை ஆசிரியர். அவர் 'அம்மா' என்று சொன்னது கண்ணாடிக்காரரின் மனைவியை. கண்ணாடிக்காரர் கையிலிருந்த லென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு, எழுந்து நின்றார். தொலைபேசியில் பேசுகிறவருக்கு நாம் எழுந்து நிற்பது தெரியாது என்பதெல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"சொல்லுங்க சார்."

"கட்டுரை மொத்தம் நாலு பக்கம். அதுல மூணு பக்கத்துக்கு அம்மா வாந்தி எடுக்கறாங்க."

கண்ணாடிக்காரர் மேஜைமேல் வைத்த லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"படகுல கால் வெச்சதும் எடுக்கறாங்க. நடுக்கடல்ல எடுக்கறாங்க. தீவுல எறங்கி, 'அப்பாடா, தரை'ன்னு சொல்லிட்டு மறுபடியும் எடுக்கறாங்க. இத்தனை வருஷமா நமக்கு எழுதறாங்க. சரக்கு லாரியில மூட்டை மேல உக்காந்து போயிருக்காங்க, ஒட்டகத்து மேல போயிருக்காங்க. ஒரு ஏப்பம் விட்டதாக்கூட எழுதினதில்லையே சார்?"

"வயசாகுதில்லையா சார்…"

"உடம்பு சரியில்லையா? அப்போ நான் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போறேன்."

"ஐயையோ, வேணாம் சார்! அவ ஊர்ல இல்ல."

"உடம்பு சரியில்லாதவங்க எந்த ஊருக்குப் போனாங்க?"

"மலைக்கு. காத்து மாறினா நல்லதுன்னு டாக்டர் சொன்னார்."

ஆசிரியர் சொன்னார்: "நல்லதாப் போச்சு. அப்போ அடுத்த கட்டுரை மலையைப் பத்தி எழுதச் சொல்லுங்க. படத்தோட."

பேச்சு முடிந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு தீவிலிருந்து தப்பிக்கப் போய் ஒரு மலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாகிவிட்டது.

தீவை அவர் பார்த்ததில்லை. படகையும் பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், தேய்ப்புச் சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, லென்ஸின் விளிம்பை ஃபிரேமுக்குத் தக்கபடி இழைத்துப் பொருத்துவதுதான் அவருடைய வேலை. ஊரில் பாதிப் பேர் அவர் பொருத்திக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் எங்கெங்கோ போய்விட்டு வருகிறார்கள். அவர் மட்டும் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் நடப்பார். பேருந்தைப் பார்த்தால் அவருக்கு வயிற்றைப் புரட்டும். ஏறவே வேண்டாம், புகை வாடை போதும்.

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை மனைவியோடு வெளியூர் கிளம்பினார். வண்டி நிலையத்தை விட்டு நகர்வதற்குள்ளேயே அவளுடைய புதுச் சேலையைப் பாழாக்கிவிட்டார். இன்னொருத்தியாக இருந்தால் ஒரு பாட்டம் அழுதிருப்பாள். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நீங்க வீட்டுல இருங்க. நான் போய்ட்டு வந்து சொல்றேன்" என்றாள். அன்று ஏற்பட்ட ஒப்பந்தம் கடைசிவரைக்கும் நடந்தது. அவள் போவாள். அவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார். திரும்பி வந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், "கேளுங்களேன்!" என்று ஆரம்பிப்பாள். அவர் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு கேட்பார். சோறு ஆறிப்போகும். இரண்டு பேருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று எல்லோரும் அவளைச் சொல்வார்கள். அவளும் 'சக்கரக்கால்' என்றே பத்திரிகையில் பெயர் போட்டுக்கொண்டாள். வீட்டில் அவர் கூப்பிடுவது வெறும் 'சக்கரம்'.

காடு, மலை, பாலை என்று சுற்றியும் ஒரு கீறல்கூட விழாமல் திரும்பி வந்த அந்த மனுஷி, ஒரு நாள் காலையில் தன் வீட்டு அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தாள். பால் பொங்கி வழிந்து கருகிய வாடை வந்த பிறகுதான் கண்ணாடிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்த ஒரே காரியம் அவளுடைய கைப்பேசிக்குத் தினமும் மின்னூட்டம் போட்டு வைத்ததுதான். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சில வாரங்கள் கழித்து அது ஒரு நாள் அடித்தது. திரையில் 'ஆசிரியர்' என்று இருந்தது.

"சார், பத்திரிகையிலேர்ந்து பேசறேன். எப்படி சார் இருக்…"

"அவ வெளியூர் போயிருக்கா சார்" என்றார் கண்ணாடிக்காரர்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. இத்தனை வருஷமாக அவள் மறந்துவிட்டுப் போன அந்தக் கைப்பேசி வீட்டில் கிடந்து அடித்தால் அவர் சொல்கிற பதில் அது ஒன்றுதான். நாக்கு பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, அதை மாற்றிச் சொல்ல ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அந்த வார்த்தையை அவர் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போதும் அது தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டது.

மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. ஆசிரியர் கோபித்துக்கொண்டார் என்று நினைத்தார் கண்ணாடிக்காரர்.

"சரி சார்" என்று கடைசியில் குரல் வந்தது. "வந்ததும் கட்டுரை எழுதித் தரச் சொல்லுங்க. அவங்க பக்கம் காலியா இருக்கு."

இப்படித்தான் அவர் பயண எழுத்தாளர் ஆனார். ஊர் பெயர்கள் அவள் சொல்லிக் கேட்டவை. மற்றபடி பயணத்தைப் பற்றி அவருக்குச் சொந்த அனுபவமாகத் தெரிந்தது வாந்தி ஒன்றுதான். அதை மூன்று பக்கத்துக்கு மனசார எழுதியிருந்தார்.

*

மலைக் கட்டுரையை எழுதுவது பெரிய காரியமாக இல்லை. படத்துக்குத்தான் எங்கே போவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனவர், தண்ணீர்த் தொட்டியின் அடியில் படர்ந்திருந்த பாசியைப் பார்த்தார். குனிந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கியை அதன்மேல் பிடித்தார். அடடா! மேடு, பள்ளம், சரிவு, அடர்ந்த பச்சை. இழைஇழையாக மரங்கள். உருப்பெருக்கியை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையால் அதன் வழியே படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

ஆசிரியர் மறுநாளே பேசினார்.

"மலை பிரமாதமா இருக்கு சார். ஆனா பள்ளத்தாக்குல ஒரு எறும்பு போகுது."

"…ஆமா சார்."

"பக்கத்துல இருக்கற மரத்தோட வெச்சுப் பாத்தா அது யானையை விடப் பெரிசு."

"அந்தப் பக்கத்துல எறும்பு கொஞ்சம் வாட்டசாட்டமாத்தான் இருக்கும்னு அவ சொன்னா."

ஆசிரியர் இருமினார். அது இருமல்தானா என்று கண்ணாடிக்காரருக்குச் சந்தேகமாக இருந்தது. "இதைப் போட முடியாது சார். ஒண்ணு செய்யுங்க. நீங்களே மலைக்குப் போய், அம்மாவை நிக்கவெச்சு ஒரு படம் எடுத்துட்டு வந்துடுங்க."

"எனக்கு பஸ் ஒத்துக்காது சார்."

"ரயில்ல போங்க."

"அந்த மலைக்கு ரயில் இல்ல."

"அப்போ பஸ்லதான் போகணும்" என்று முடித்துவிட்டார் ஆசிரியர். மனுஷனுக்கு ஈவு இரக்கமே கிடையாது என்று கண்ணாடிக்காரர் மனசுக்குள் திட்டினார். சக்கரம் எப்படி இவரிடம் இத்தனை காலம் குப்பை கொட்டினாள்?

போகாவிட்டால் அவர் நேரில் வந்து நிற்பார். நேரில் வந்தால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட வாந்தியே மேல் என்று கண்ணாடிக்காரர் பேருந்தில் ஏறினார்.

ஜன்னல் ஓர இடம், மடியில் காலிப் பைகள், வாயில் எலுமிச்சை. நடத்துனர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "என்ன சார், இப்பவேவா? வண்டி இன்னும் மேடே ஏறலையே!"

"பரவாயில்ல. நான் முன்கூட்டியே ஆரம்பிச்சுடுவேன்" என்றார் கண்ணாடிக்காரர், பைக்குள்ளிருந்து.

ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய்ப் போய் வந்தது. மேலே போய் இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. சரி, வந்ததுதான் வந்தோம், இந்த மலையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. எங்கு பார்த்தாலும் வெள்ளை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அதே வெள்ளை. மறுபடியும் துடைத்தார்.

தேநீர்க் கடைப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணே, கண்ணாடியைத் தேச்சுத் தேச்சு ஓட்டையாக்கிடாதீங்க. அது பனிமூட்டம்."

"எப்போ விலகும்?"

"விலகும்போது விலகும். நாங்க என்ன, அதுக்குத் தேதியா வெச்சிருக்கோம்?"

ஓரத்தில் ஒரு நீள இருக்கை இருந்தது. பள்ளத்தாக்கைப் பார்க்கப் போட்டிருக்கிறார்கள். அதன் ஒரு முனையில் உட்கார்ந்தார். சக்கரம் இந்த மலைக்குப் பல தடவை வந்திருக்கிறாள். இந்த இருக்கையில்தான் உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும், "அடுத்த வாட்டி நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிடுவாள். ஒவ்வொரு தடவையும் அவர், "நீ போய்ட்டு வந்து சொல்லு, போதும்" என்பார். இப்போது அவர் வந்துவிட்டார். நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டிருப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார். அந்தக் காலி இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

வீடு வந்து சேர்ந்தபோது உடம்பு துவண்டு கிடந்தது. ஆனால் மனசுக்குள் என்னென்னவோ முட்டிக்கொண்டு நின்றது. நடத்துனர் கேட்டது, தேநீர்க்காரி சொன்னது, கண்ணாடியைத் துடைத்தது. அவள் இதைக் கேட்டால் எப்படிச் சிரிப்பாள்! பூட்டைத் திறந்தார், பையைப் போட்டார், செருப்போடு உள்ளே போனார்.

"சக்கரம், கேளேன்!" என்றார்.

கூடத்தில் மின்விசிறி நின்றிருந்தது. நாற்காலிகள் போட்டது போட்டபடி இருந்தன. கண்ணாடிக்காரர் செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்து, அவள் போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்ததும் எழுதினார். ஒரே மூச்சில் எழுதினார்.

*

"சார், இந்தத் தடவை கட்டுரை வேற மாதிரி இருக்கு" என்றார் ஆசிரியர்.

"வாந்தி கொஞ்சம் கம்மி பண்ணச் சொன்னேன் சார்."

"அது இருக்கட்டும், பாதகமில்ல. வாந்தி எடுக்கற வாசகர்கள் நிறையப் பேர் இருக்காங்கபோல. 'எங்களுக்குன்னு எழுத ஒரு ஆள் வந்தாச்சு'ன்னு எழுதியிருக்காங்க. என் சந்தேகம் வேற. 'அவள் இந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள்'னு ஒரு வரி வருதே. யார் சார் அந்த 'அவள்'?"

கண்ணாடிக்காரருக்கு வியர்த்துவிட்டது. அவள் பெயரில், அவள் எழுதுவதாக எழுதும்போது, 'நான்' என்று வரவேண்டிய இடத்தில் கை தவறி 'அவள்' விழுந்திருக்கிறது.

"அது… கூடப் போனவங்க சார். தோழி."

"தோழியா?"

"ஆமா. ரொம்ப நாள் பழக்கம்."

"நல்லா இருக்காங்க சார் அந்தத் தோழி. அடுத்த கட்டுரையிலயும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. படம் ஏன் வெறும் இருக்கையா இருக்கு?"

"ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிருந்தாங்க."

"சரி. அடுத்த தடவை கடற்கரை. கடற்கரையில டீக்கடை இருக்காதுன்னு நெனைக்கிறேன்."

அவர் நினைப்பு தப்பு, கடற்கரையிலும் இருந்தது. அணைக்கட்டிலும் இருந்தது. அருவியிலும் இருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் கண்ணாடிக்காரர் போனார், ஒவ்வொரு படத்திலும் ஒரு வெற்றிடம் இருந்தது, ஒவ்வொரு தடவையும் இரண்டு பெண்மணிகளும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். இவர்கள் பயணம் போகிறார்களா, டீ குடிக்கப் போகிறார்களா என்று ஆசிரியர் ஒரு தடவை கேட்டுவிட்டார்.

தோழி மட்டும் கட்டுரைக்குக் கட்டுரை வளர்ந்தாள். அவள் எப்படிச் சிரிப்பாள், வழி கேட்கிற சாக்கில் எப்படி ஒரு குடும்பத்தின் கதையையே கேட்டுக்கொண்டு வருவாள், எந்த ஊரிலும் செருப்பைத் தொலைத்துவிட்டு யாரோ கொடுத்த செருப்போடு எப்படி வருவாள் எல்லாம் வந்தது. கண்ணாடிக்காரருக்கு இதையெல்லாம் யோசித்து எழுத வேண்டியிருக்கவில்லை. மனைவியின் பெயரில் உட்கார்ந்துகொண்டு மனைவியைப் பற்றி எழுதினார். எழுதும்போது அவள் கூடவே இருந்தாள். கட்டுரையை அனுப்பியதும் போய்விடுவாள். அதனால் அடுத்த பேருந்துக்கு அவரே அவசரப்பட ஆரம்பித்தார்.

கடை முதலாளி, "என்னய்யா, வாரம் தவறாம லீவு? வயசான காலத்துல உனக்கும் கால்ல சக்கரம் மொளைச்சிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றார் கண்ணாடிக்காரர். பதில் ஒன்றும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

*

இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தபோது ஆசிரியர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"சார், பத்திரிகையோட ஆண்டு விழா வருது. சிறந்த தொடருக்கான கேடயம் இந்தத் தடவை சக்கரக்காலுக்குத்தான். அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன். சாயங்காலம் கூப்பிடட்டுமா?"

"அவ வெளி…"

"சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாங்கல்ல? சரி, வெச்சுடறேன்."

கண்ணாடிக்காரர் ஓடினார். ஓடியது பேருந்து நிலையத்துக்கு. பேருந்தில் ஏறுவதற்காக அல்ல. அங்கே ஒலிபெருக்கி அறையில் அவருடைய மச்சினி வேலை பார்த்தாள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க அறிவிப்பது அவள் வேலை. அக்காவுக்கும் தங்கைக்கும் முகம் ஒட்டாது. குரல் மட்டும் அச்சு அசல். பெற்ற தாயே தொலைபேசியில் ஏமாந்திருக்கிறாள்.

விஷயத்தைக் கேட்டதும் மச்சினி ஒலிபெருக்கியை அணைத்தாயிற்றா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அத்தான், உங்களுக்கென்ன பைத்தியம் பிடிச்சிருக்கா? இத்தனை மாசமா அக்கா இருக்கற மாதிரியா சொல்லிட்டிருக்கீங்க?"

"இருக்கறான்னு நான் சொல்லலம்மா. வெளியூர் போயிருக்கான்னுதான் சொன்னேன்."

அவள் திட்ட வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"என்ன பேசணும்?" என்றாள்.

"'ரொம்ப நன்றி, விழாவுக்கு வர முடியாது, உடம்பு சரியில்ல.' அவ்வளவுதான். உங்கக்கா மாதிரி பேசு."

சாயங்காலம் வீட்டில் கைப்பேசி அடித்தது. மச்சினி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். பக்கத்தில் நிற்கத் தைரியமில்லாமல் கண்ணாடிக்காரர் அடுப்படிக்குள் போய்விட்டார்.

"வணக்கம் சார். நான்தான் பேசறேன்… ஆமா சார், சக்கரக்கால்தான்."

கூடத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், எப்போதும் வருகிற இடத்திலிருந்து, எப்போதும் வருகிற மாதிரியே வந்தது. கண்ணாடிக்காரர் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல சார், அவர் ஒண்ணும் எனக்கு உதவியெல்லாம் பண்றதில்ல. அவருக்கு வீட்டை விட்டா கடை, கடையை விட்டா வீடு… சாப்பிட்டாரான்னு நான்தான் எந்த ஊர்லேர்ந்தும் யார் போன்லயாவது கூப்பிட்டுக் கேக்கணும்."

இதையெல்லாம் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. மச்சினி தானாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அக்காவோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டியிருந்ததோ என்னவோ.

ஆனால் ஆசிரியர் ஏதோ கேட்டிருக்கிறார். மச்சினிக்குப் பதில் தெரியவில்லை. தடுமாறினாள். தடுமாறினால் அவள் வாயில் என்ன வரும்? தொழில்தான் வரும்.

"அடுத்த கட்டுரை… தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. சிரமத்திற்கு வருந்துகிறோம். பயணிகள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாக…"

கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார். மச்சினி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல அத்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் வெச்சுட்டார்."

"கண்டுபிடிச்சுட்டார்!"

கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. மறுநாள் ஆசிரியர் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்ததே தவிர, எப்போதும் போலத்தான் விரட்டினார். "அம்மாகிட்ட பேசினதுல ரொம்ப சந்தோஷம் சார். விழா அன்னைக்கு வண்டி அனுப்பறேன். உடம்பு முடியலேன்னா மெதுவா கைத்தாங்கலா கூட்டிட்டு வந்துடலாம். அப்புறம் இன்னொண்ணு. வாசகர்கள் அந்தத் தோழியைப் பாத்தே ஆகணும்னு நிக்கறாங்க. அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

*

"நான் அக்காவா, தோழியா? மொதல்ல அதைச் சொல்லுங்க" என்றாள் மச்சினி, விழா அன்று.

கண்ணாடிக்காரர் கடையிலிருந்து இரண்டு கண்ணாடிகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று வட்டம், ஒன்று சதுரம்.

"ரெண்டும் நீதான். வட்டக் கண்ணாடி போட்டா அக்கா. மேடையில ஏறி கேடயத்தை வாங்கிக்கோ. எறங்கி வந்து சதுரத்தைப் போட்டுக்கிட்டா தோழி. கூட்டத்துல உக்காந்து கை தட்டு. கண்ணாடியை மாத்தினா ஆளே மாறிடும்மா. என் தொழில்ல எத்தனை பாத்திருக்கேன்!"

"ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்கவெச்சு படம் எடுக்கணும்னு சொன்னா?"

"ஒருத்தர் டீ குடிக்கப் போயிருக்கார்னு சொல்லிக்கலாம்."

மச்சினி வட்டக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். போனவள் அக்காவின் பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள். பயணம் கிளம்பும்போது சக்கரம் எப்போதும் கட்டுகிற சேலை அது.

"நேரமாச்சு, கெளம்பலாமா?" என்றாள், குரலைச் சரிபார்த்துக்கொள்ள.

கண்ணாடிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தன் மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போய் மாத்திட்டு வாம்மா" என்றார்.

"ஏன் அத்தான், நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அதான் சொல்றேன். மாத்திட்டு வா."

வெளியே வண்டி வந்து நின்றது. பத்திரிகையின் பெயர் எழுதிய வேன். தலை நரைத்த ஓட்டுநர் ஒருவர் இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக்காரர் தனியாக வாசலுக்குப் போனார். ஒரு கையில் வட்டக் கண்ணாடிக்கு ஜோடியான சதுரக் கண்ணாடி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அம்மா வரமாட்டாங்க" என்றார்.

"சரிங்க சார்."

"தோழியும் வரமாட்டாங்க. தோழின்னு யாரும் இல்ல." அவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டார். தொண்டையில் இத்தனை மாதமாக நின்றுகொண்டிருந்தது, கடைசியில் ஒரு வழியாக மேலே வந்தது. "என் பொண்டாட்டி செத்துப் போயிட்டா. நான் மொதல்ல பேசினப்பவே அவ இல்ல. எல்லாத்தையும் நான்தான் எழுதினேன்."

சொல்லிவிட்டார். தெரு அப்படியே இருந்தது. எதிர்வீட்டில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மச்சினி விசும்புவது கேட்டது.

ஓட்டுநர் கதவைப் பிடித்தபடியே நின்றார். "உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லித்தான் சார் அனுப்பினாங்க."

"நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது? அந்த மனுஷனை இத்தனை நாளா ஏமாத்தியிருக்கேன். தீவுன்னேன், மலைன்னேன். எறும்பைக் காட்டினேன். மச்சினியைப் பேச வெச்சேன். அவர் பாவம், எல்லாத்தையும் நம்பி அடுத்த ஊருக்கு அடுத்த ஊருக்குன்னு அனுப்பிட்டே இருந்தார். அவருக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா."

ஓட்டுநர், பெரியவர்களிடம் கெட்ட சேதி சொல்வதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அம்மாவைக் கடைசியா தூக்கிட்டுப் போனப்போ பின்னாடியே இந்த வண்டியை நான்தான் சார் ஓட்டிட்டு வந்தேன், நீங்க யாரையும் பாக்கல, நேரா ரோட்டையே பாத்துட்டு நடந்தீங்க. முன்பக்கம் வலது தோள் நீங்க, இடது தோள் எங்க ஆசிரியர்."